ஸ்கூபா கார்டு எதுவரை செல்லும்? பயிற்சித் தரமும் விபத்துத் தடுப்பும் பற்றி ஓர் எளிய விளக்கம்

டர்பனில் கல்யாண வீடோ கோயில் திருவிழாவோ, நான் முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா டைவிங் போகிறவன் என்று யாருக்காவது தெரிந்துவிட்டால் மூன்று கேள்விகள் வரிசையாக வரும். கற்றுக்கொள்ள எத்தனை நாள் ஆகும்? எவ்வளவு செலவாகும்? சுறா கடிக்காதா? மூன்றும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் உயிரைக் காக்கிற கேள்வி நான்காவதாக ஒன்று இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் கையில் தருகிறார்களே ஒரு கார்டு, அது என்னை எந்தக் கடலில், எவ்வளவு ஆழம்வரை, யாருடன் இறங்க அனுமதிக்கிறது?

இந்தக் கடல் நமக்குப் புதிதில்லை. டர்பன் கரையில் வலை இழுத்தவர்களில் நம் குடும்பங்களும் உண்டு. இன்றைக்கும் ஷாட் மீன் வரும் காலத்தில் தூண்டிலோடு விடியற்காலையிலேயே போய் நிற்கும் மாமாக்களை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதெல்லாம் மேலிருந்து பார்த்த கடல். உள்ளே இறங்கும் ஆர்வம் இப்போதுதான் நம் பிள்ளைகளிடம் பரவுகிறது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கும் இளைஞர்களும் நீண்ட வார இறுதி கிடைத்தால் சோட்வானா விரிகுடாவுக்கும் அலிவால் ஷோல் என்ற கடலடிப் பாறைத்திட்டுக்கும் கிளம்பிவிடுகிறார்கள். முதன்முறை கிளம்பப்போகிறவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கார்டு தருவது யார்?

பாடி, எஸ்எஸ்ஐ, நாவி, சிமாஸ் என்று பல பயிற்சி அமைப்புகள் உலகம் முழுக்க இயங்குகின்றன. சிமாஸ் 1959இலும் பாடி 1966இலும் தொடங்கப்பட்டவை. அதற்கு முன் பல ஊர்களில் கருவியைக் கடையில் வாங்கி, நண்பன் சொன்ன நாலு வார்த்தையோடு கடலில் இறங்கியவர்கள் இருந்தார்கள். விபத்துகள் நடந்தன. அந்த விபத்துகளிலிருந்து கற்றதை எழுதி வைத்ததுதான் இன்று பயிற்சித் தரம் என்று நாம் சொல்வது. அந்தப் புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவர் பட்ட துன்பம் இருக்கிறது என்று நினைத்துப் படித்தால், எதையும் 'சும்மா ஒரு சம்பிரதாயம்' என்று தள்ளத் தோன்றாது.

பெயர்கள் வேறாக இருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். உலகத் தர அமைப்பான ஐஎஸ்ஓ, 24801 என்ற எண்ணில் பொழுதுபோக்கு டைவர்களுக்கு மூன்று நிலைகளை வகுத்திருக்கிறது. முதல் நிலைக்காரர் வழிநடத்துபவரின் கண்காணிப்பில் 12 மீட்டர் வரை இறங்கலாம். இரண்டாம் நிலைக்காரர் தன்னளவு தகுதியுள்ள ஒரு துணையுடன் 20 மீட்டர் வரை. மூன்றாவது நிலை மற்றவர்களை வழிநடத்துபவருக்கானது. நம்மில் பெரும்பாலோர் எடுக்கும் 'ஓப்பன் வாட்டர்' கார்டு இரண்டாவது நிலையைச் சேர்ந்தது. பாடி அமைப்பு அதற்கு 18 மீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறது.

ஆழத்தைப் பற்றிய வரியை எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். இன்னொரு வரியைத்தான் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் பயிற்சி பெற்ற சூழலுக்கு இணையான, அல்லது அதைவிட எளிதான சூழலில் மட்டுமே இந்தத் தகுதி செல்லும் என்பதும் அதே தரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் கார்டின் முன்பக்கத்திலேயே அச்சடிக்க வேண்டிய வரி அது. பிரிட்ஸ் பக்கத்திலோ வேறெங்கோ தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியில், அலையும் ஓட்டமும் இல்லாத இடத்தில் நான்கு டைவ் முடித்து கார்டு வாங்கியவருக்கு, அலிவால் ஷோலின் அலைவீச்சில் நிற்கும் தகுதியை அந்தக் கார்டு தானாகக் கொடுத்துவிடாது. அப்படியானால் அங்கே போகக்கூடாதா? போகலாம். அந்தக் கடலை அறிந்த வழிநடத்துபவருடன், எளிதான இடத்திலிருந்து தொடங்கிப் போகலாம்.

சாலையில் எல்லை மீறினால் போலீஸ் மறித்து லைசென்ஸ் கேட்பார். தண்ணீருக்கடியில் மறிக்க ஆள் கிடையாது. அதனால் தரம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய முதல் ஆள் பயிற்சியாளர் மட்டுமில்லை, கற்றுக்கொள்ளும் நீங்களும்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இது ஒன்றே.

10 மீட்டரில் என்ன ஆகிறது?

தரங்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று புரிய கொஞ்சம் இயற்பியல் வேண்டும். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான். கடல்மட்டத்தில் நம்மேல் இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் இன்னொரு பார் கூடுகிறது. 10 மீட்டரில் 2 பார், 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கொள்ளளவு பாதியாகும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும்.

இதில் கவனிக்க வேண்டியது, மிகப் பெரிய மாற்றம் மேல்மட்டத்துக்கு அருகில்தான் நடக்கிறது என்பது. 30 மீட்டரிலிருந்து 20க்கு ஏறினால் நுரையீரலில் உள்ள காற்று மூன்றில் ஒரு பங்கு கூடும். கடைசி 10 மீட்டரிலோ அது இரு மடங்காகும். 'ஆழமில்லாத இடம்தானே' என்று அலட்சியம் வருவதும் இங்கேதான். மூச்சை நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு ஒன்றரை மீட்டர் ஏறினால்கூட நுரையீரல் கிழிய வாய்ப்புண்டு. கிழிந்த இடத்தின் வழியாகக் காற்றுக் குமிழிகள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம். மேலே வந்த சில நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுவார். 'ஒருபோதும் மூச்சை அடக்காதே' என்பது முதல் நாள் முதல் விதியாக இருப்பது இதனால்தான். நீச்சல் குளத்தில் இரண்டு மீட்டர் ஆழத்தில் பயிற்சி எடுக்கும்போதும் அந்த விதியில் தளர்வு கிடையாது.

காது விஷயமும் இதே கணக்குதான். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வேன் ரீனன்ஸ் கணவாய் வழியாக டர்பனுக்கு இறங்கும்போது காது அடைப்பதை உணர்ந்திருப்பீர்கள். கடலில் அதே அடைப்பு முதல் மூன்று மீட்டரிலேயே வரும், வலியோடு வரும். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சமன்செய்ய வேண்டும், வலிக்கும் முன்பே செய்ய வேண்டும். சமனாகவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் அன்றைக்கு டைவ் வேண்டாம். அடைப்பைத் திறக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் உண்டு. கீழே இருக்கும்போது மாத்திரையின் வேகம் குறைந்துவிட்டால், விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் மேலே ஏறுவதே வேதனையாகிவிடும்.

காற்றுக் கணக்கு

டேன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், டைவர்களின் பாதுகாப்புக்காகவே 1980இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. தென்னாப்பிரிக்காவிலும் அதன் கிளை இருக்கிறது. 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை அதன் ஆய்வாளர்கள் அலசினார்கள். எந்த இடத்தில் தவறு தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில் 41 விழுக்காட்டுக்குக் காரணம் காற்றுப் பற்றாக்குறை. 20 விழுக்காடு எதிலாவது சிக்கிக்கொண்டது, 15 விழுக்காடு கருவிச் சிக்கல். மரணச் சான்றிதழில் பெரும்பாலும் 'நீரில் மூழ்கி' என்றுதான் எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால், சிலிண்டரில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் கேஜைப் பார்க்காத சில நிமிடங்கள், காற்றுத் தீர்ந்த அதிர்ச்சி, பதறி மேலே பாய்ந்த வேகம் என்று ஒரு தொடர் இருக்கிறது. பயிற்சித் தரத்தின் ஒவ்வொரு விதியும் அந்தத் தொடரை ஏதோ ஓரிடத்தில் அறுப்பதற்காக வைத்தது.

காற்றுக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று. நிதானமாக இருப்பவர் மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டரில் அழுத்தம் 3 பார், ஆகவே அதே மூச்சுக்கு 60 லிட்டர் செலவாகும். 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கினால் மிச்சம் 1,800 லிட்டர். அதாவது 30 நிமிடம். பதற்றத்தில் இருப்பவர் மேலேயே 30 லிட்டர் இழுப்பார். அவருக்கு அதே சிலிண்டர் 20 நிமிடம்தான். இறங்கும் நேரமும் ஏறும் நேரமும் இதற்குள்தான் அடக்கம்.

அலிவால் ஷோலுக்குப் படகு கிளம்பும் ஊரான உம்கோமாஸில் இந்தக் கணக்கு இன்னும் இறுகும். அலிவால் ஷோல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆற்றுமுகத்திலிருந்து காற்றடைத்த ரப்பர் படகில் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, தரையில் உள்ள பட்டைக்குள் காலை நுழைத்து, கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு அலைகளைத் தாண்ட வேண்டும். படகோட்டி அலைக்கும் அலைக்கும் இடையே காத்திருந்து, சந்து கிடைத்ததும் முழு வேகத்தில் பாய்வார். வழக்கமானவர்களுக்கு அது உற்சாகம். முதல்முறை வருகிறவர் அங்கேயே மூச்சு வாங்கிப்போவார். பின்னர் தளும்பும் படகில் கருவியை மாட்டும்போது குமட்டும். ஆக, தண்ணீரில் விழுவதற்கு முன்பே அவருடைய மூச்சு இரு மடங்காகிவிட்டிருக்கும். அதனால்தான் புதியவர்களிடம் சொல்வேன்: தண்ணீரில் இறங்கியதும் மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு தணியும்வரை மேலேயே மிதந்துவிட்டு அப்புறம் இறங்குங்கள். குழு காத்திருக்கும். காத்திருக்காத குழுவோடு போகாதீர்கள்.

இறங்கும் முன் துணைவர்கள் இருவரும் ஒருவரையொருவர் சோதிப்பது எல்லா அமைப்புகளும் சொல்லித்தருவதுதான். காற்றுப்பை அங்கி ஊதுகிறதா, காற்றை விடுகிறதா, எடை பெல்ட்டை வலது கையால் ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா, எந்தக் கொக்கி எங்கே இருக்கிறது, காற்று வருகிறதா. கடைசிச் சோதனையைத்தான் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டர் காற்றை மூச்சிழுக்கத் தரும் ரெகுலேட்டரை வாயில் வைத்து ஒரு மூச்சு இழுத்து, 'சரி, வருது' என்று முடித்துவிடுவார்கள்.

சரியான முறை இது. கேஜைக் கையில் பிடித்து முள்ளைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையாமல் நின்றால் சிலிண்டரின் வால்வு திறந்திருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சடக்கென்று கீழே போய், மூச்சை விடும்போது பழைய இடத்துக்கு ஏறுகிறதா? வால்வு கொஞ்சமாகத்தான் திறந்திருக்கிறது என்று அர்த்தம். படகில் அந்தக் கொஞ்சம் போதும், வித்தியாசமே தெரியாது. 15 மீட்டரில் நுரையீரல் கேட்கும் காற்று இரண்டரை மடங்கு. அப்போது ரெகுலேட்டர் இறுகும், சிலிண்டர் நிறையக் காற்று இருந்தும் மூச்சு வராது. வால்வை முழுதாகத் திறந்துவிட்டு, கடைசியில் கால் சுற்று திருப்பி வைக்கும் பழக்கம் முன்பு இருந்தது. உதவிக்கு வந்த இன்னொருவர், அது மூடியிருக்கிறது என்று நினைத்துத் தவறான பக்கம் திருக அந்தக் கால் சுற்றுதான் இடம் கொடுக்கிறது. முழுதாகத் திறந்து அப்படியே விடுங்கள்.

காற்றுப் பகிர்வும் காலத்தோடு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரே ரெகுலேட்டரை இருவர் மாற்றி மாற்றி வாயில் வைத்து ஏறும் முறையைச் சொல்லித்தந்தார்கள். பதறிப்போன ஒருவர் வாங்கிய ரெகுலேட்டரைத் திருப்பிக் கொடுப்பார் என்று நம்புவது கடினம். அதனால் இப்போது ஒவ்வொருவரும் மஞ்சள் நிறத்தில் இரண்டாவது ரெகுலேட்டர் ஒன்றைச் சுமக்கிறோம். உங்கள் துணைவரின் மஞ்சள் ரெகுலேட்டர் எந்தப் பக்கம் தொங்குகிறது என்று தெரியாமல் படகிலிருந்து விழாதீர்கள்.

குளத்தில் செய்யும் பயிற்சிகள்

ஓப்பன் வாட்டர் வகுப்பில் பாடி முறைப்படி குளத்தில் ஐந்து பகுதிகளாகப் பயிற்சி நடக்கும், கடலில் நான்கு டைவ். 200 மீட்டர் நீந்த வேண்டும், அதற்கு நேரக்கெடு கிடையாது. 10 நிமிடம் மிதக்க வேண்டும். 10 வயதிலேயே சேரலாம். ஆனால் 15 வயதுவரை இளையோர் கார்டுதான், பெரியவர்களின் துணை கட்டாயம். இவையெல்லாம் குறைந்தபட்சத் தேவைகள். இரண்டு நாளில் முடித்துவிடுகிறோம் என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சிலருக்கு இரண்டு நாள் போதலாம், பலருக்குப் போதாது. தரம் கேட்பது நாள்கணக்கை இல்லை. ஒவ்வொரு திறனையும் மாணவர் பதறாமல், திரும்பத் திரும்பச் செய்துகாட்ட வேண்டும் என்பதைத்தான் அது கேட்கிறது.

மாஸ்க்கில் நீர் நிரப்பி வெளியேற்றும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். அதிகம் பேர் தடுமாறுவது இதில்தான். குளத்தின் அடியில் முழங்காலிட்டு, மாஸ்க்கின் மேல்விளிம்பை விரலால் லேசாகத் தூக்குவார்கள். குளிர்ந்த நீர் கண்ணில் படும். மூக்கின் பக்கம் ஏறும். அந்த நொடியில் உடம்பு மூக்கால் மூச்சிழுக்கச் சொல்லும். இழுத்தால் தண்ணீர்தான் போகும். கண்கள் அகன்று, கை மாஸ்க்கைப் பிய்க்கப் போய், கால்கள் தரையை உதைக்கும். பயிற்சியாளர் தோளில் கைவைத்து நிறுத்துவார். வாயால் இழு, மூக்கால் விடு. மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் நீளமாக ஊதினால் நீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். இதைக் குளத்தில் சிரித்துக்கொண்டே செய்யும் அளவுக்கு வந்த பிறகுதான் கடலுக்குப் போக வேண்டும். கடலில் யாருடைய காலில் மாட்டிய ஃபின்னாவது (நீந்தும் துடுப்பு) முகத்தில் பட்டு மாஸ்க் கழன்றால், 18 மீட்டர் ஆழத்தில் மேலே பாயாமல் உங்களை நிறுத்திவைப்பது இந்தப் பயிற்சி ஒன்றுதான்.

இதே நோக்கில், காற்றே இல்லாமல் மேலே நீந்தி வரும் பயிற்சியும் உண்டு. 6 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து, 'ஆ...' என்று இடைவிடாமல் ஒலியெழுப்பிக்கொண்டே ஏற வேண்டும். அந்த 'ஆ' வந்துகொண்டிருக்கும்வரை தொண்டை திறந்திருக்கிறது, விரியும் காற்று வெளியேறுகிறது. எடை பெல்ட்டைக் கழற்றிவிடும் பயிற்சியையும் அலட்சியம் செய்யாதீர்கள். உயிரிழந்த நிலையில் மீட்கப்பட்ட டைவர்களில் பலருக்கு எடை பெல்ட் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. மேல்மட்டத்துக்கு வந்துவிட்டவர் மிதக்க முடியாமல் மறுபடி மூழ்குவது, ஒரே இழுப்பில் தடுக்கக்கூடிய மரணம்.

ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர் என்பதிலும் தரம் தெளிவாக இருக்கிறது. கடலில் ஓப்பன் வாட்டர் மாணவர்கள் ஒரு பயிற்சியாளருக்கு அதிகபட்சம் 8 பேர் என்கிறது பாடி. அது நல்ல நாளுக்கான உச்சவரம்பு. நீர் கலங்கியிருந்தால், அலை எழுந்தால் குறைத்தே ஆக வேண்டும். உம்கோமாஸில் ஆறு கலக்கிவிட்ட நாளில் எட்டுப் பேரை ஒருவர் பார்த்துக்கொள்வது என்பது பேச்சுக்குத்தான். பணம் கட்டும் முன், என் குழுவில் எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார் என்று கேளுங்கள். பயிற்சியாளரின் உறுப்பினர் எண்ணை வாங்கி அவருடைய அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். நல்ல பயிற்சியாளர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

'அண்ணா, என்னையும் கூட்டிட்டுப் போங்க'

ஜூன் முதல் நவம்பர் வரை அலிவால் ஷோலில் ராகி என்று நாங்கள் அழைக்கும் ராகட்-டூத் சுறாக்கள் கூடும். அவற்றைப் பார்க்கப் பேர்போன இடங்களில் ஒன்று கதீட்ரல் என்ற பாறை வளைவு. அதன் அடித்தளம் ஏறத்தாழ 27 மீட்டர் ஆழத்தில். ஒவ்வொரு பருவத்திலும் புதிதாக கார்டு வாங்கிய தம்பி யாராவது வந்து கேட்பார்.

"அண்ணா, கதீட்ரலுக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. மேலாக்கவே நின்னுக்கிறேன்."

"உங்க கார்டு எத்தனை மீட்டருக்கு, தம்பி?"

"18தான். ஆனா எல்லாரும் போறாங்களே."

போகிறவர்களிடம் 30 மீட்டருக்கான அடுத்த நிலைப் பயிற்சி இருக்கிறது. ஒன்பது மீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். பாடியின் டைவ் அட்டவணையில் 18 மீட்டரில் 56 நிமிடம் வரை இருந்துவிட்டு, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக வழியில் கட்டாய நிறுத்தம் போடாமல் மேலே வரலாம். 30 மீட்டரில் அது 20 நிமிடமாகச் சுருங்கும். காற்றுச் செலவு கூடும். நைட்ரஜன் மயக்கமும் அந்த ஆழத்தில் தலைகாட்டும், தெளிவாக யோசிப்பதாக நினைத்துக்கொண்டே கேஜைப் பார்க்க மறப்பீர்கள். சுறா உங்களை ஒன்றும் செய்யாது, அது தன்பாட்டுக்கு வாய் திறந்தபடி மிதந்துகொண்டிருக்கும். அதை அண்ணாந்து பார்த்து நிற்கும் நேரத்தில் காற்றுத் தீர்வதுதான் ஆபத்து. அந்தத் தம்பியிடம் சொல்வது இதைத்தான்: ஷோலின் மேற்பகுதி ஆழமில்லாதது, அதில் பார்க்க ஏராளம் உண்டு. இந்தப் பருவத்தை அங்கே கழியுங்கள், அடுத்த பருவத்துக்குள் அடுத்த பயிற்சியை முடியுங்கள்.

அனுபவம் கூடினால் விதிகள் தளரும் என்றும் நினைக்க வேண்டாம். 2000ஆம் ஆண்டு சோட்வானாவின் ஆழ்கடல் பள்ளத்தாக்கில் 100 மீட்டருக்கும் கீழே டைவர்கள் சீலகாந்த் என்ற அரிய பழங்கால இன மீனைக் கண்டது உலகச் செய்தியானது. அவற்றைப் படமெடுக்க அதே ஆண்டு நவம்பரில் மறுபடி இறங்கிய குழுவில் ஒருவர் கீழே நினைவிழந்தார். அவரைக் காப்பாற்ற வேகமாக மேலே கொண்டுவந்த தோழர், படகிலேயே உயிர்விட்டார். அவர்கள் பயிற்சி குறைந்தவர்கள் இல்லை. மேலேறும் வேகத்தை உடம்பு யாருக்காகவும் மன்னிப்பதில்லை. நமக்கான அளவு நிமிடத்துக்கு 9 மீட்டர், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிட நிறுத்தம்.

துணைவரைத் தொலைத்துவிட்டால் ஒரு நிமிடம் தேடுங்கள், காணவில்லை என்றால் மெதுவாக மேலே வந்துவிடுங்கள். அவரும் அதையே செய்வார். இந்தக் கரையோரம் அகுல்ஹாஸ் நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது, ஒருவரையொருவர் தேடிக் கீழேயே சுற்றினால் படகிலிருந்து விலகிப் போய்விடுவீர்கள். ஊதி மேலே விடும் மிதவைக் குழாய் ஒன்று எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

உடம்பைப் பற்றி மறைக்க வேண்டாம்

சேரும்போது ஒரு மருத்துவக் கேள்வித்தாள் தருவார்கள். இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரைகள், கர்ப்பம் என்று கேட்டிருக்கும். சிலவற்றுக்கு 'ஆம்' என்றால் டாக்டரின் கடிதம் வேண்டும். அந்த அலைச்சலுக்குச் சோம்பி எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் குடும்பங்களில் சர்க்கரையும் பிரஷரும் இல்லாத வீடு அபூர்வம் என்பது நமக்கே தெரியும். நான் மேலே சொன்ன ஆய்வில், டைவரைச் செயலிழக்கச் செய்தவற்றில் சுமார் நான்கில் ஒரு பங்கு இதயக் கோளாறு. நாற்பதைத் தாண்டிய அண்ணன்களும் அக்காக்களும் கேள்வித்தாள் கேட்காவிட்டாலும் ஒருமுறை இதயப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களிலும் கடலை விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடும் நீர்ச்சத்து குறைந்த உடம்போடும் அலைகளைத் தாண்டிப் போவது சரியில்லை.

கார்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது, திறனுக்கு உண்டு. ஆறு மாதம், ஒரு வருடம் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை என்றால் குளத்தில் ஒரு மீள்பயிற்சி எடுங்கள். டிசம்பர் விடுமுறைக்கு நேராக சோட்வானா போய் இறங்குவதைவிட, நவம்பரில் ஒரு சாயங்காலம் செலவழிப்பது பெரிய காரியமில்லை. இன்னொன்று, எந்த டைவரும் எந்த டைவையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் கைவிடலாம். கட்டைவிரலை மேலே காட்டினால் 'மேலே போகிறேன்' என்று பொருள், அதோடு அந்த டைவ் முடிந்தது. அதன்பின் யாரும் கேலி செய்தால் அது அவர்களுடைய குறை.

வீடு திரும்பும் வழி

ஜோகன்னஸ்பர்க்வாசிகள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும்போது நைட்ரஜன் உடம்பின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கும். அதற்குள் வெளியழுத்தம் இன்னும் குறைந்தால் அது குமிழிகளாக மாறும். டிகம்ப்ரஷன் நோய் என்பது அதுதான். டைவுக்குப் பின் விமானம் ஏறக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிகிறது. கார் விஷயம் தெரிவதில்லை. ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் சுமார் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகும் என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டியதும் 1,000 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். சோட்வானாவிலிருந்து எர்மெலோ வழியாகப் போனாலும் கதை அதேதான்.

டேனின் பரிந்துரை 600 முதல் 2,400 மீட்டர் வரையிலான உயரங்களுக்குச் செல்லும். நிறுத்தம் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி. ஒரு நாளில் பல டைவ், அல்லது பல நாள் தொடர்ந்து டைவ் என்றால் 18 மணி நேரம். ஞாயிறு காலை கடைசி டைவை முடித்து, மதியம் பன்னி சௌ சாப்பிட்டுவிட்டு இரவுக்குள் வீடு போய்ச் சேரும் திட்டம் இந்தக் கணக்கில் அடங்காது. கடைசி டைவை சனிக்கிழமை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையைக் கடற்கரையில் பிள்ளைகளோடு கழித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்படியும் சிலருக்கு அறிகுறிகள் வரலாம். தோளிலோ முழங்காலிலோ காரணமில்லாத வலி, கைகால் மரத்துப்போதல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, தோலில் திட்டுத்திட்டாக நிறமாற்றம், தலைசுற்றல், ஓய்வெடுத்தும் தீராத களைப்பு. 'சிலிண்டர் தூக்கின வலியா இருக்கும், தைலம் தேச்சா போயிடும்' என்று நம்மவர்கள் சொல்லிவிடுவார்கள். டைவ் முடிந்து இரண்டு நாளுக்குள் வரும் புது அறிகுறி எதுவானாலும், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை டிகம்ப்ரஷன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நூறு விழுக்காடு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், மேலே மலையேறிப் போகக்கூடாது, வலி குறைகிறதா என்று பார்க்க மறுபடி தண்ணீரில் இறங்கவும் கூடாது. டேனின் அவசர எண்ணைப் பயணம் கிளம்பும் முன்பே போனில் பதிந்து வையுங்கள். எந்த மருத்துவமனையில் இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை இயங்குகிறது, எப்படிப் போக வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். அதற்குள் பக்கத்து டாக்டரிடம் போக நேர்ந்தால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் வார்த்தையாகவே டைவ் போய்வந்ததைச் சொல்லி, எத்தனை மீட்டர், எத்தனை நிமிடம், மேலே வந்தது எத்தனை மணிக்கு என்று ஆழத்தையும் நேரத்தையும் பதிந்துவைக்கும் டைவ் கம்ப்யூட்டரையும் கையில் எடுத்துக் காட்டுங்கள்.